எடுத்தவர் யார், இருப்பவர் யார்? இணையத்தில் ஏறிவிட்ட உங்கள் தகவலை இறக்குவதற்கு ஒரு வழிகாட்டி

2012 நவம்பரில் ஃபேஸ்புக்கில் ஓர் அறிவிப்பு சுற்றோ சுற்றென்று சுற்றியது. "என் தனிப்பட்ட விவரங்கள், படங்கள், எழுத்துகள், காணொளிகள் எல்லாவற்றின் பதிப்புரிமையும் எனக்கே என்று இதன்மூலம் அறிவிக்கிறேன்" என்பது அதன் சாரம். அதை நகலெடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டிவிட்டால் நிறுவனம் நம் தகவலைத் தொட முடியாது என்று நம்பி, நன்றாகப் படித்தவர்களும் ஒட்டினார்கள். துணைக்கு 'பெர்னர் உடன்படிக்கை' என்று ஒன்றையும் இழுத்திருந்தார்கள். 1886-இல் கையெழுத்தான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையைத்தான் சொல்ல வந்திருக்கிறார்கள், பெயர்கூடச் சரியாக விழவில்லை. அந்த அறிவிப்பின் பேரப்பிள்ளைகள் இன்னமும் அவ்வப்போது தூசு தட்டிக்கொண்டு எழுந்து வருகின்றன.

எழுத்துப்பிழையை விடுங்கள், அதில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. படத்துக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை உண்டு, சரி. தனிப்பட்ட விவரத்துக்கு எப்படிப் பதிப்புரிமை வரும்? உங்கள் பிறந்த தேதியை நீங்கள் படைக்கவில்லை. உங்கள் இரத்த வகையை யாரும் எழுதவில்லை. அவற்றைக் காப்பது வேறு சட்டம், அதற்கு வேறு படிவம், வேறு மேசை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான், தன்னைப் பற்றிய ஏதோ ஒன்று இணையத்தில் ஏறிவிட்டது என்று தவிக்கும் பலர் தவறான கதவைத் தட்டிவிட்டு, பதில் வராமல் சோர்ந்து போகிறார்கள். முதன்முறையாக இதில் இறங்குபவர்களுக்காக, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று இங்கே எழுதுகிறேன். வழக்கு, நீதிமன்றம் என்று போக நேர்ந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் இரண்டு சொற்கள்

ஒருவர் படைத்ததை அவர் அனுமதியில்லாமல் நகலெடுக்கவோ பரப்பவோ கூடாது என்பது பதிப்புரிமை. செய்தித்தாள்களில் இதைக் காப்புரிமை என்றும் எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புகளுக்கான பேடண்டுக்கும் அதே சொல் ஓடுவதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒருவரைப் பற்றிய செய்தி யார் கைக்குப் போகலாம், யார் கைக்குப் போகக்கூடாது என்பதில் அவருக்கு உள்ள உரிமை தனியுரிமை. அந்தரங்கம் என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் படிவங்களில் எல்லாம் தனியுரிமை என்றே இருக்கிறது.

இரண்டும் ஒரே கவலையில் பிறந்தவை. பாட்டு வெளியிடும் நிறுவனத்துக்குத் தன் பாட்டு காசு கொடுத்தவரிடம் மட்டும் இருக்க வேண்டும். நோயாளிக்குத் தன் பரிசோதனை முடிவு மருத்துவரிடம் மட்டும் இருக்க வேண்டும். இருவரையும் மிரட்டுவது ஒன்றுதான், செலவே இல்லாமல் எடுக்க முடிகிற நகல். ஆசை ஒன்றாக இருந்தாலும் சட்டம் இருவரையும் இரண்டு வரிசையில் நிறுத்தியிருக்கிறது.

முதல் படி: இரண்டு கேள்விகள்

பிரச்சினைக்குரிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதை உருவாக்கியது யார்? இது யாரைப் பற்றியது? முதல் கேள்விக்கு விடை நீங்கள் என்றால் பதிப்புரிமை உங்கள் கையில். இரண்டாவதற்கு விடை நீங்கள் என்றால் தனியுரிமை உங்கள் கையில். இரண்டுக்கும் நீங்களே விடை என்றால் உங்களிடம் இரண்டு சாவிகள் இருக்கின்றன.

கேட்க எளிது, ஆனால் விடை சில இடங்களில் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும். ஒளிப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "என் படம்" என்று சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது பெரும்பாலும் எடுத்தவரின் படம். நீங்களே எடுத்த செல்ஃபி உங்களுடையது. நண்பரிடம் கைபேசியைக் கொடுத்து "ஒரு படம் எடு" என்று சொல்லி எடுத்ததில், பொத்தானை அழுத்திய நண்பர்தான் பொதுவாகப் படைப்பாளி. கைபேசி உங்களுடையதா, முகம் உங்களுடையதா என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. காசு கொடுத்து ஒளிப்படக்காரரை அமர்த்தினால் யாருக்கு உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 85-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. வீட்டுத் தேவைக்காக நீங்கள் எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை ஒளிப்படக்காரரிடமே இருந்தாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதை வெளியிட முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் வயிற்றுக்குள்ளேயே தனியுரிமை உட்கார்ந்திருக்கும் இடம் அது.

இந்த முரண் புதிதும் அல்ல. 1898-இல் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவில், இரண்டு ஒளிப்படக்காரர்கள் அவர் படுத்திருந்த அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, பிணத்தைப் படமெடுத்தார்கள். விற்கவும் முயன்றார்கள். எடுத்தவர் அவர்கள்தானே, அப்படியானால் படம் யாருடையது? குடும்பத்தார் வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் அத்துமீறி நுழைந்ததைக் காரணம் காட்டித்தான் தடுக்க முடிந்தது. இந்த விவகாரத்தின் சூடு ஆறுவதற்குள், படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அதைப் பரப்பக்கூடாது என்ற விதி 1907-இல் அங்கே சட்டமாயிற்று. அதையும் கலைப் படைப்புகளுக்கான பதிப்புரிமைச் சட்டத்தில்தான் எழுதினார்கள்.

கடிதத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1741-இல் லண்டனில் கவிஞர் அலெக்சாண்டர் போப், தன் கடிதங்களை அனுமதியில்லாமல் அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் மேல் வழக்குத் தொடுத்தார். தாள் கடிதத்தைப் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், ஆனால் அதை அச்சிடும் உரிமை அவருக்குப் போய்விடாது என்று தீர்ப்பு வந்தது. கவனிக்க வேண்டியது அடுத்த வரி. போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டும்தான் தடை கிடைத்தது. மற்றவர்கள் போப்புக்கு எழுதியவற்றுக்கு அவர் தடை கேட்க முடியவில்லை. உங்கள் வாட்ஸ்அப் உரையாடலை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிட்டால் இன்றும் இதே கணக்குதான். நீங்கள் எழுதிய நீண்ட செய்திக்குப் பதிப்புரிமை கேட்கலாம். எதிராளி எழுதியதற்குக் கேட்க முடியாது. "சரி, வரேன்" போன்ற ஒற்றை வரிக்கு யாருமே கேட்க முடியாது, அதில் படைப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம், வெறும் தகவல். தொலைபேசி எண், முகவரி, சம்பளம், நோய், சாதி, மதம் எதற்கும் பதிப்புரிமை கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு தொலைபேசிக் கையேட்டு வழக்கில் இதை அடித்துச் சொன்னது. பெயர்களை அகர வரிசையில் அடுக்க எவ்வளவு உழைத்திருந்தாலும், உழைப்பு மட்டுமே அதைப் படைப்பாக்கிவிடாது. ஆகவே உங்கள் எண்ணை யாரோ பொதுவில் போட்டுவிட்டால் பதிப்புரிமைப் படிவத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அதே படிவத்தை மூன்று முறை நிரப்பி அனுப்பினார். மூன்று முறையும் ஒரே மறுப்பு, வார்த்தை மாறாமல் வந்தது. நான்காவதாகத் தனியுரிமைப் புகாராக அனுப்பியதும் எண் இறங்கிவிட்டது.

உங்கள் முகத்தை ஒட்டிச் செய்த போலிக் காணொளி இதிலும் சிக்கலானது. அதை நீங்கள் உருவாக்கவில்லை, முகம் என்பது ஒரு படைப்பும் அல்ல. போலி செய்ய எடுத்துக்கொண்ட மூலப்படம் உங்கள் செல்ஃபியாக இருந்தால் அந்த நூலைப் பிடித்து இழுக்கலாம், இல்லையென்றால் தனியுரிமைக் கதவுதான். இந்த ஓட்டையை அடைக்க டென்மார்க் அரசு 2025-இல் ஒரு யோசனையை முன்வைத்தது. ஒருவரின் முகத்துக்கும் குரலுக்கும் பதிப்புரிமைச் சட்டத்திலேயே பாதுகாப்பு கொடுப்போம் என்றது. 1907-இல் ஜெர்மனி போன அதே பாதை.

இரண்டாம் படி: பதற்றத்துக்கு முன் ஆதாரம்

பார்த்த உடனே "எடுத்துவிடு, இல்லையென்றால் பார்" என்று அந்தப் பதிவின் கீழேயே எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். போட்டவர் அதை அழித்துவிட்டு வேறு பெயரில் மீண்டும் போட்டால் உங்களிடம் கையில் ஒன்றும் இருக்காது. சண்டையைப் பார்க்கக் கூட்டம் கூடினால் நகலும் கூடும்.

முழுப் பக்கமும் முகவரிப் பட்டையோடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைப்பு முகவரியைத் தனியாக ஓர் எழுத்துக் கோப்பில் ஒட்டி, பார்த்த தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். தளத்தின் முகப்பு முகவரி போதாது, அந்த ஒரு பதிவின் முகவரியே வேண்டும். பதிவைத் திறந்து, பகிர் பொத்தானை அழுத்தி, இணைப்பை நகலெடுத்தால் கிடைத்துவிடும். போட்ட கணக்கின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் அவர்கள் பெயரை மாற்றிவிடுவார்கள், கணக்குப் பக்கத்தின் முகவரியையும் எடுத்து வையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆதாரத்துக்காக வேபேக் மெஷின் போன்ற பொதுச் சேமிப்புத் தளத்தில் அந்தப் பக்கத்தை ஏற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். மற்ற விஷயங்களுக்கு அது நல்ல பழக்கம். அந்தரங்கப் படத்துக்கு அதைச் செய்தால் நீங்களே இன்னொரு பொது நகலை உண்டாக்கிவிடுகிறீர்கள், அதை இறக்க இன்னொரு புகார் எழுத வேண்டி வரும்.

நீங்கள் எடுத்த படம் என்றால் மூலக் கோப்பைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இருப்பது சுருங்கிய நகலாகத்தான் இருக்கும். பெரிய அளவில், எடுத்த தேதியோடு மூலம் உங்களிடம் இருப்பதே நல்ல சாட்சி.

மூன்றாம் படி: கதவைத் தேர்ந்தெடுப்பது

அந்தரங்க உடல் படம் என்றால் மேலே சொன்ன கேள்விகளில் நேரம் செலவழிக்காதீர்கள். அதற்கென்றே தனிக் கதவு உண்டு, வேகமானதும் அதுதான். எல்லாப் பெரிய தளங்களிலும் 'சம்மதமின்றிப் பகிரப்பட்ட அந்தரங்கப் படம்' என்ற வகையில் புகார் செய்யலாம். அமெரிக்காவில் 2025-இல் வந்த சட்டம், பாதிக்கப்பட்டவர் முறைப்படி கேட்ட 48 மணி நேரத்துக்குள் தளங்கள் இறக்கியாக வேண்டும் என்கிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் விசேஷம். உங்கள் கைபேசிக்குள்ளேயே படத்திலிருந்து ஒரு நீண்ட எண்-எழுத்துச் சரம், கைரேகை மாதிரி, உருவாகும். அந்தச் சரம் மட்டும் வெளியே போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தங்களிடம் ஏறும் படங்களை ஒப்பிட்டுத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழே எடுக்கப்பட்ட படங்களுக்கு அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்சிஎம்இசி டேக் இட் டவுன் என்ற பெயரில் இதே மாதிரியான சேவையை நடத்துகிறது. பாட்டுத் திருட்டையும் இதே கைரேகை உத்தியில்தான் யூடியூப் பிடிக்கிறது.

மற்றவற்றுக்கு வருவோம். உருவாக்கியவரும் நீங்கள், உள்ளே இருப்பவரும் நீங்கள் என்றால் எந்தச் சாவியை முதலில் போடுவது? பலரும் பதிப்புரிமை என்பார்கள். காரணம் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி, முறையான அறிவிப்பு வந்தும் ஒரு தளம் இறக்காமல் இருந்தால், அந்தத் திருட்டுக்குத் தளமும் பொறுப்பேற்க நேரிடும். அதனால் தளங்கள் யோசிப்பதைவிட இறக்குவதே மேல் என்று நினைக்கின்றன. தனியுரிமைப் புகாரில் "இது பொதுநலச் செய்தியா, இவர் பிரபலமா" என்றெல்லாம் எடைபோட வேண்டும். பதிப்புரிமையில் அந்த எடைக்கல் குறைவு.

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பதிப்புரிமை அறிவிப்பில் உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அறிவிப்பின் நகல் படத்தைப் போட்டவருக்குப் போகக்கூடும். கூகுள் போன்ற சில நிறுவனங்கள் நகலை லூமென் என்ற பொது ஆவணத் தொகுப்புக்கும் அனுப்புகின்றன. அங்கே தொடர்பு விவரங்களை மறைத்தாலும், அறிவிப்பாளர் பெயர் பொதுவாகத் தெரியும். என்னிடம் உதவி கேட்டு வந்த ஒரு பெண், தன்னைத் தொல்லை செய்தவர் போட்ட செல்ஃபியை இறக்கத் தன் புது வீட்டு முகவரியோடு அறிவிப்பு அனுப்பியிருந்தார். படம் இரண்டு நாளில் இறங்கியது. முகவரி அந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தரங்கத்தைக் காக்க எடுத்த ஆயுதம் அந்தரங்கத்தையே வெட்டியது.

ஆகவே என் கட்சி இது: எதிராளி உங்களைத் தேடிக்கொண்டிருப்பவர் என்றால் தனியுரிமைக் கதவிலேயே தொடங்குங்கள், தாமதமானாலும் பரவாயில்லை. பதிப்புரிமைதான் வேண்டும் என்றால் வழக்கறிஞரோ நம்பகமான வேறொருவரோ உங்கள் சார்பில் முகவராக அனுப்பலாம், சட்டம் அதை ஏற்கிறது. எதிராளி யாரோ முகம் தெரியாத விளம்பரக்காரர், உங்கள் படத்தைச் சோப்பு விளம்பரத்துக்குத் திருடியிருக்கிறார் என்றால் பதிப்புரிமையை நேரடியாகப் போடுங்கள்.

நான்காம் படி: பதிப்புரிமை அறிவிப்பு எழுதுவது

பெரும்பாலான தளங்களில் இதற்குப் படிவம் இருக்கும். இல்லாவிட்டால் மின்னஞ்சல் போதும். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும், ஆனால் உள்ளடக்கம் இப்படி:

"கீழே உள்ள முகவரியில் இருக்கும் ஒளிப்படத்தை 2024 மார்ச் மாதம் என் கைபேசியில் நானே எடுத்தேன். அதன் பதிப்புரிமை என்னுடையது. அது அங்கே வெளியாக நானோ என் முகவரோ அனுமதி தரவில்லை, சட்டமும் அனுமதிக்கவில்லை என்று நேர்மையாக நம்புகிறேன். இதிலுள்ள விவரங்கள் சரியானவை. பொய்ச் சத்தியம் தண்டனைக்குரியது என்பதை அறிந்தே, நான்தான் உரிமையாளர் என்று உறுதி கூறுகிறேன்."

அதன் கீழே பதிவின் முகவரி, பெயர், மின்னஞ்சல், கையெழுத்தாக உங்கள் பெயரைத் தட்டச்சு செய்தது. அவ்வளவுதான். படம் உங்களை எப்படிப் புண்படுத்தியது, போட்டவர் எப்படிப்பட்டவர் என்ற கதையை இங்கே எழுதாதீர்கள். படிப்பவர் பார்ப்பது உரிமை யாருக்கு என்ற ஒன்றைத்தான், கதை நீண்டால் அவரே உங்களைத் தனியுரிமைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.

மேலே உள்ள மாதிரி அறிவிப்பின் கடைசி வரியை மறுபடி படியுங்கள். உங்களுடையதல்லாத படைப்பை உங்களுடையது என்று தெரிந்தே எழுதினால் நீங்கள் நஷ்டஈடு கொடுக்க நேரிடலாம். நியாயமான காரணம் இருந்தாலும் பொய் பொய்தான். கார்சியா எதிர் கூகுள் என்ற அமெரிக்க வழக்கைப் பாருங்கள். வேறு படம் என்று நம்பி நடித்த ஒரு நடிகையின் ஐந்து விநாடிக் காட்சியை, மதத்தை இழிவுபடுத்தும் ஒரு படத்தில் குரல் மாற்றிச் செருகிவிட்டார்கள். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தன் நடிப்புக்குப் பதிப்புரிமை தனக்கே என்று யூடியூபிலிருந்து இறக்கக் கேட்டார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சிறிய அமர்வு ஒப்புக்கொண்டது. 2015-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு மறுத்துவிட்டது. உங்கள் துயரம் உண்மை, ஆனால் அது பதிப்புரிமை தீர்க்கும் துயரம் அல்ல என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பு கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சில மருத்துவர்கள், சிகிச்சைக்கு முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றி நீங்கள் இணையத்தில் விமர்சனம் எழுதினால் அதன் பதிப்புரிமை எனக்கு என்று அதில் இருக்கும். பிடிக்காத விமர்சனம் வந்தால் "என் படைப்பு, இறக்கு" என்று கேட்பதற்கு. பதிப்புரிமையை வளைத்தால் இந்தப் பக்கமும் வளையும்.

இறங்கியதும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போட்டவர் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடுக்காத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாளுக்குள் படம் திரும்ப ஏறும். எதிர் அறிவிப்பு அனுப்புபவரும் தன் பெயர், முகவரியைத் தந்து நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட வேண்டும். ஒளிந்திருப்பவர்கள் அதற்குத் துணிவது குறைவு.

ஐந்தாம் படி: தனியுரிமைக் கோரிக்கை எழுதுவது

இங்கே எந்த நாட்டுச் சட்டம் என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டவருக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. சிங்கப்பூர் 2012-இலும் இலங்கை 2022-இலும் இந்தியா 2023-இலும் தனித் தரவுச் சட்டங்களை இயற்றின. நுணுக்கம் வேறுபட்டாலும் கடிதத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான்:

"உங்கள் தளத்தில் இந்த முகவரியில் என் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் உள்ளன. இவற்றை வெளியிட நான் ஒப்புதல் தரவில்லை. என்னைப் பற்றி உங்களிடம் என்னென்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று தெரிவியுங்கள். பிறகு அவற்றை அழித்து, அழித்ததை உறுதிசெய்யுங்கள்."

வரிசையைக் கவனியுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிறகுதான் அழிக்கச் சொல்கிறோம். முதலிலேயே அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டு "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்பார்கள். ஊற்று தெரியாமல் போய்விடும், அடுத்த மாதம் அதே எண் வேறு தளத்தில் முளைக்கும். அடையாளச் சான்று கேட்டால், பெயர் தெரிய மீதியைக் கறுப்படித்து அனுப்புங்கள்.

தேடுபொறியில் தெரிவது தனிப் பிரச்சினை. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஸ்பெயின்காரர் ஒருவர் வென்றார். தன் வீடு கடனுக்காக ஏலத்துக்கு வந்த 1998-ஆம் ஆண்டு நாளிதழ் அறிவிப்பு, தன் பெயரைத் தேடும்போதெல்லாம் வருகிறது என்பது அவர் குறை. கூகுள் அந்த இணைப்பை அவர் பெயர்த் தேடலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நாளிதழின் பக்கம் அப்படியே இருந்தது. தேடலிலிருந்து எடுப்பது கதவில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றுவது போலத்தான், வீடு அங்கேயே இருக்கும். ஆனால் பெரும்பாலானோர் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் வருகிறார்கள், அதனால் இதைக் குறைவாக எடைபோட வேண்டாம். கூகுளில் தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றுக்கு நீக்கக் கோரும் படிவம் தனியாகவே இருக்கிறது.

இரண்டு சாவியும் இருந்தால் இரண்டையும் போடலாம். இளவரசர் ஹாரியின் மனைவி மேகன், தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தின் பகுதிகளை 2019-இல் ஒரு ஞாயிறு செய்தித்தாள் வெளியிட்டதற்காக, தனியுரிமை, பதிப்புரிமை இரண்டின் பேரிலும் வழக்குப் போட்டு 2021-இல் இரண்டிலும் வென்றார். தனியுரிமை மீறலுக்குப் பெயரளவில் ஒரு பவுண்டு. பதிப்புரிமை மீறலுக்குத் தனியாக ஒரு தொகை, எவ்வளவு என்று வெளியில் சொல்லவில்லை. தந்தையின் கையில் தாள் இருந்தும் எழுத்து மகளுடையதாகவே இருந்தது. போப் 280 வருடம் முன்பு வாங்கிய அதே தீர்ப்பு.

நீங்களே மறுபக்கம் நிற்கும்போது

குழு நிர்வாகி, சங்கச் செயலாளர், வலைப்பதிவர் யாராக இருந்தாலும் மற்றவர்களின் விவரம் உங்கள் கையிலும் இருக்கும். வீட்டளவில் வைத்துக்கொள்வதைத் தரவுச் சட்டங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பொதுவில் ஏற்றினால் கதை மாறும். ஸ்வீடனில் தேவாலயத் தொண்டு செய்த ஒரு பெண், சக ஊழியர்களைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் வேடிக்கையாக எழுதினார். ஒருவருக்குக் காலில் அடி, பாதி நேர விடுப்பில் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம், இணையத்தில் போட்டது வீட்டுக் காரியம் ஆகாது, காலில் அடி என்பதும் உடல்நலத் தகவலே என்றது. எழுத்து முழுவதும் அவருடையதுதான், பதிப்புரிமை அவருக்கே. அது அவரைக் காப்பாற்றவில்லை. நீங்கள் எடுத்த குழுப் படத்தைப் போடும் முன் படத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டாலும் "சரி" என்று ஒரு செய்தியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பகிர்வதற்கு முன்

நிபந்தனைகளைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' அழுத்துவது நம் எல்லோருடைய வழக்கம். அதில் ஒரு பத்தியை மட்டும் படியுங்கள். பொதுவாக, படத்தின் உரிமை உங்களுடையதே, ஆனால் உலகம் முழுவதும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தவும், பிறருக்கு அந்த அனுமதியைத் தரவும் எங்களுக்கு உரிமம் கொடுக்கிறீர்கள் என்று இருக்கும். ஃபேஸ்புக் அறிவிப்பை ஒட்டியவர்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டது இந்தப் பத்தியில்தான்.

ஒருமுறை பார்த்தால் மறைந்துவிடும் படம் என்பதை நம்பி எதையும் அனுப்பாதீர்கள். மறைந்துவிடும் என்று சொன்னது பொய் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014-இல் ஸ்னாப்சாட் மீது குற்றம் சாட்டி, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. பாட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகள் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுப் பார்த்தன. 2005-இல் சோனி பிஎம்ஜி, நகலெடுப்பதைத் தடுக்கிறேன் என்று வாங்கியவர்களின் கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் மென்பொருளையே குறுந்தகட்டில் வைத்து அனுப்பி மாட்டிக்கொண்டது. நகலைத் தடுக்கப் போய், வாங்கியவரின் தனியுரிமையை மிதித்த கதை அது. திரையில் தெரிவதை இன்னொரு கைபேசியால் படமெடுப்பதை எந்தப் பூட்டும் தடுக்காது.

கடைசியாக, படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரம். கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, கைபேசி வகை, அனுமதித்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பதிந்திருக்கும். 2012-இல் தலைமறைவாக இருந்த, கணினி வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியின் படத்தை ஓர் இதழ் வெளியிட்டபோது, அதற்குள் இருந்த இடக்குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. இதே விவரம் நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நிரூபிக்கும் சாட்சியும்கூட. அதனால் மூலத்தில் வைத்திருங்கள், அனுப்பும் நகலில் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் உள்ளேயே இருந்துவிடும். நான் சந்தேகமான படத்தை முதலில் எனக்கே அனுப்பி, வந்து சேர்ந்த கோப்பின் விவரங்களைத் திறந்து பார்ப்பேன். இடம் என்ற வரி காலியாக இருந்தால் அனுப்பிவிடுவேன்.